வேலிக்குள் ஒரு காட்டெருமை

மனிதன் இயற்கைக்குச் செய்த துரோகங்கள் அத்தனைக்கும் மன்னிப்புக் கேட்கும் இடம் இந்தப் பள்ளத்தாக்குதான் என்று, நுழைவாயிலில் ஆள் உயரக் கருங்கல் ஒன்றில் பொறித்து நட்டிருந்தார்கள். அந்தக் கல்லை ஏற்றி வந்த லாரி திரும்ப இடம் போதாமல், ஓரத்தில் நின்ற மரங்களை வரிசையாக வெட்ட வேண்டியதாயிற்று. கல்லில் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

மன்னிப்புக் கேட்கும் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. ஓடைக்கு இந்தப் பக்கம் விருந்தினர்களுக்கான மண்குடில்கள். மண்குடில் என்றால், கம்பி கட்டி, சிமெண்டு ஊற்றி, பூசி, காய்ந்தபின் மண் நிறத்தில் பெயிண்ட் அடித்து, கடைசியாக ஈரம் காயுமுன் கையால் தடவி விரல் தடம் பதிக்க வேண்டும். விரல் தடத்துக்கென்றே நகரத்திலிருந்து ஒரு ஓவியர் வந்திருந்தார். கொத்தனார்களின் விரல் தடம் இயற்கையாக இல்லையாம். கூரையில் புல், புல்லுக்கு அடியில் தகரம், தகரத்துக்கு அடியில் ஏசி. ஜெனரேட்டரைப் பாறை மாதிரி செய்த ஒரு கூண்டுக்குள் ஒளித்து வைத்திருந்தார்கள். கரண்டு போகும்போதெல்லாம் அந்தப் பாறை இருமும்.

ஓடைக்கு அந்தப் பக்கம் முழுவதும் வனவிலங்குக் காப்பகம். வனம் இருந்தது. காப்பகம் என்று போர்டும் வந்துவிட்டது. நடுவில் இருக்க வேண்டிய விலங்குக்குத்தான் வழியில்லை.

அந்த விஷயத்தில்தான் ஹாரன் மாட்டிக்கொண்டான்.

அவன் முன்பு மினி லாரி ஓட்டியவன். எதிரில் ஈ காக்கை இல்லாத நேர்ச்சாலையிலும் ஒரு மன நிம்மதிக்காக ஹாரன் அடித்துக்கொண்டே போவான். லாரியை ஓனர் விற்றுவிட்டார். பெயர் இவனிடமே தங்கிவிட்டது. 'அமைதியே எங்கள் விருந்தோம்பல்' என்று விளம்பரம் செய்த விடுதிக்கு வழிகாட்டி வேண்டும் என்று கேள்விப்பட்டதும், சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு முதல் ஆளாகப் போய் நின்றான்.

மேனேஜர் இளவயது ஆள். கையில் பேனாவைத் தயாராகப் பிடித்துக்கொண்டு கேட்டார். "இந்தப் பள்ளத்தாக்குல என்னென்ன மிருகம் இருக்கு?"

"முயல் இருக்கு சார். கீரி இருக்கு."

பேனா அசையவில்லை. "வேற?"

"நரி முன்னாடி இருந்துச்சு சார்."

"முன்னாடி இருந்ததெல்லாம் வேண்டாம். பெருசா ஏதாவது?"

அடுத்து வரிசையில் நின்றவன் வாசலில் தொண்டையைச் செருமினான். அவன் யானை என்று சொல்லத் தயங்காத ஆள் என்பது ஹாரனுக்குத் தெரியும். "காட்டெருமை இருக்கு சார்" என்றான்.

பேனா ஓட ஆரம்பித்தது. "நீங்க பாத்திருக்கீங்களா?"

"தினமும் சார்."

முழுப் பொய் என்று சொல்லிவிட முடியாது. எருமையை அவன் தினமும் பார்த்தான். அது அவன் வீட்டுக் கொட்டகையில்தான் நின்றது. கூடச் சேர்த்தது காட்டை மட்டும்தான்.

வேலை கிடைத்தது. முதுநிலை இயற்கை வழிகாட்டி. இளநிலை என்று யாரும் இல்லை. உடம்பெல்லாம் பை வைத்த காக்கி உடுப்பு, ஒரு தொப்பி, கழுத்தில் பைனாகுலர். வீட்டுக்குப் போட்டுக்கொண்டு போனபோது அவன் மனைவி ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இத்தனை பையில என்னத்தைங்க வைப்பீங்க?" என்று கேட்டாள். அவனுக்கும் அது தெரியவில்லை. இரண்டு பைகளில் பீடிக்கட்டும் தீப்பெட்டியும் வைத்தான்.

காப்பகத்தைச் சுற்றி வேலி போடும் காண்டிராக்ட் அவன் மைத்துனனுக்குக் கிடைத்திருந்தது. வெயில் மண்டையைப் பிளந்த அந்த வாரம் முழுக்க அவன் ஆட்களோடு குழி தோண்டி, கல்தூண் நட்டு, கம்பியை இழுத்து முறுக்கி, ஒருவழியாகக் கடைசித் தூணையும் கட்டி முடித்த அன்று, நேராக அக்காள் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தான். ஹாரனும் பக்கத்தில் உட்கார்ந்தான். சூடான சோறும் முட்டைக் குழம்பும். பரிமாற வேண்டியவள் மட்டும் நிலைகொள்ளாமல் அடுப்படிக்கும் கொட்டகைக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

"பொழுது சாஞ்சிடுச்சு. மகாராணி இன்னும் வரலை" என்றாள்.

மகாராணி அவளுடைய எருமை. நிறைமாதச் சினை. வெயில் ஏறியதும் ஓடையைத் தாண்டிப் போய்க் குளத்தில் கிடந்து ஊறிவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்கு யாரும் கூப்பிடாமலே வீடு திரும்பும்.

அவள் சட்டென்று நின்றாள். "தம்பி, வேலியை எப்ப மூடினே?"

"சாயங்காலம்க்கா. கொழம்பு கொஞ்சம் ஊத்து."

"மூடும்போது உள்ள பாத்தியா?"

"உள்ள எதுக்குப் பாக்கணும்? வேலி போடுறவன் வேலியைத்தான் பாக்கணும். என் வேலி எப்படித் தெரியுமா? வெளிய இருந்து ஒரு எலி உள்ள போக முடியாது."

"உள்ள இருந்து வெளிய வருமா?"

அவன் கொஞ்ச நேரம் மென்றான். "அதுவும் வராது" என்றான்.

குழம்புக் கரண்டி சட்டியில் விழுந்த சத்தத்தில் ஹாரன் கையைக் கழுவாமலே எழுந்துவிட்டான். மேனேஜரிடம் சாவி வாங்கி, கேட்டைத் திறந்து, எருமையை ஓட்டிக்கொண்டு வந்துவிடுவது பெரிய காரியமில்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டு ஓடினான்.

அலுவலகத்தில் மேனேஜர் ஓடி வந்து அவனைக் கட்டிப்பிடித்தார். மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். மரத்தில் கட்டி வைத்திருந்த தானியங்கிக் கேமரா, இருட்டும் நேரத்தில் ஒரு படம் எடுத்து அனுப்பியிருந்தது. நாணலுக்கு நடுவே பாதி முகம். சேறு வடியும் கொம்பு. நெருப்பு மாதிரி ஒரு கண். அந்த நேரத்துக்குத் தவிடும் புண்ணாக்கும் கிடைக்காவிட்டால் மகாராணி எப்போதும் அப்படித்தான் பார்க்கும்.

"நீங்க சொன்னப்ப நான் நம்பலைங்க" என்றார் மேனேஜர். "நம்ம விடுதித் தலைவருக்கு அனுப்பினேன். அவர் உலகம் பூரா அனுப்பிட்டார். இதுதானே நீங்க தினமும் பாக்குறது?"

ஹாரன் படத்தைப் பார்த்தான். மேனேஜரைப் பார்த்தான். மேசைமேல் அவனுக்கென்று அடித்து வந்திருந்த பெயர்ப்பட்டையைப் பார்த்தான்.

"இதுதான் சார்."

வீட்டில் அவள் கயிற்றோடு வாசலிலேயே நின்றிருந்தாள். "எங்க மகாராணி?"

"அது..." தொப்பியைக் கழற்றினான். "அது இப்ப காட்டெருமை."

"என்ன எருமை?"

"காட்டெருமை. இந்தப் பள்ளத்தாக்குல அழிஞ்சேபோச்சுன்னு எல்லாரும் நெனச்ச இனம். நூறு வருஷம் கழிச்சுத் திரும்பி வந்திருக்கு."

"மத்தியானம்தானே போச்சு" என்றாள் அவள்.

மைத்துனன் உள்ளே திரும்பிப் போய் மீதிச் சோற்றைச் சாப்பிட ஆரம்பித்தான். ஹாரன் நடந்ததைச் சொன்னான். திறப்பு விழா முடியும்வரை பொறுத்துக்கொள்ளச் சொன்னான். கட்டின வேலியை அவிழ்த்து அதை வெளியே கொண்டுவந்தால் வேலை போய்விடும். உலகம் பூரா அனுப்பிய தலைவர் சும்மா விடமாட்டார் என்றான்.

"வேலை போனா வேற வேலை. எருமை போனா?" என்றாள். "போன தடவை என்ன ஆச்சுன்னு மறந்துடுச்சா உங்களுக்கு?"

மறக்கவில்லை. போன தடவை கன்றின் முன்னங்கால் ஒன்று உள்ளே மடங்கிக்கொண்டது. மாட்டு டாக்டர் வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவள்தான் முழங்கைவரை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு தேடித் தேடிக் காலை நிமிர்த்தினாள். கன்று பிழைக்கவில்லை. எருமை எழுந்து நிற்கவே வெகுநாள் ஆனது. அதற்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றியபோதெல்லாம், அடுத்த தடவை உன்னைத் தனியாக விடமாட்டேன் என்று அதன் காதில் சொல்லிக்கொண்டிருந்தாள். லாரி போன பிறகு அந்த வீட்டில் உலை கொதித்தது அந்த எருமையால்தான்.

"நானா போய் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்றாள் கடைசியில். "ஆனா ஒருத்தர் வாயைத் திறந்து கேட்டா மறைக்கமாட்டேன். வலி எடுத்துச்சுன்னா வேலி, வேலை எதையும் பாக்கமாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

மறுநாளிலிருந்து விடிந்ததும் தவிட்டுக் கூடையோடு வேலியோரம் போய் நின்றாள். "மகாராணி" என்று ஒரு குரல். அழிந்துபோன இனம் நாணலைத் தள்ளிக்கொண்டு ஓடி வரும். கம்பிக்கு நடுவே கையை விட்டு மடி கட்டியிருக்கிறதா, வாலடி இளகியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பாள்.

ஒருநாள் காலை ஓட்டம் ஓடிய மேனேஜர் அங்கே வந்துவிட்டார். பின்னாலேயே ஹாரன் பதறிக்கொண்டு வந்தான்.

"அம்மா, தள்ளி நில்லுங்க. ஆபத்தான மிருகம்" என்றார் மேனேஜர். ஆபத்தான மிருகம் அவள் முழங்கையை நக்கிக்கொண்டிருந்தது.

"ஆபத்துதாங்க" என்றாள். "கறக்கும்போது பக்கத்துல இருந்தா வாலாலயே மூஞ்சில அடிக்கும்."

மேனேஜர் அவளைப் பார்த்தார். கூடையைப் பார்த்தார். எருமையின் மூக்கில் கயிறு போட்ட ஓட்டையைக் கொஞ்சம் அதிக நேரமே பார்த்தார். அவர் கேட்டுவிடுவார் என்று ஹாரன் மூச்சைப் பிடித்தான். அவரோ கைக்கடிகாரத்தைப் பார்த்து, "எனக்கு இன்னும் ரெண்டு ரவுண்டு பாக்கி இருக்கு" என்று ஓடிவிட்டார். சாயங்காலம் அதே இடத்தில் 'வனவிலங்குகளுக்கு உணவளிக்காதீர்' என்று ஒரு போர்டு முளைத்தது.

"போர்டைப் பாத்தியா?" என்றான் ஹாரன்.

"பாத்தேன். நல்ல கனமா இருக்கு. கூடையை மாட்டி வைக்கத் தோதா இருக்கு."

அடுத்து நிபுணர் வந்தார். காட்டெருமை காட்டெருமைதான் என்று சான்றிதழ் கொடுப்பதற்கு, பெரிய பல்கலைக்கழகத்திலிருந்து வரவழைத்திருந்தார்கள். குளக்கரையில் குடைக்குக் கீழே உட்கார்ந்து பைனாகுலரில் நெடுநேரம் பார்த்தார். இளநீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"காதுல ஓட்டை இருக்கே" என்றார். இன்சூரன்ஸ் வில்லை குத்திய ஓட்டை அது.

மேனேஜர் வானத்தைப் பார்த்தார். நிபுணர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இங்க ஆராய்ச்சி மையம் ஒண்ணு வருதுன்னு சொன்னாங்க. அதுக்கு இயக்குநர் போட்டாச்சா?"

"உங்களைத்தான் சார் மனசுல வெச்சிருக்கோம்."

நிபுணர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "முள்ளு கிழிச்சிருக்கும்" என்று எழுதினார்.

"மூக்குலயும் ஒண்ணு இருக்கு சார்" என்றான் ஹாரன். ஏன் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது. யாராவது ஒருத்தர் கேட்டுத் தொலைத்தால் தேவலை என்று இருந்தது.

நிபுணர் அவனைக் கண்டிப்போடு பார்த்தார். "பெரிய முள்ளு" என்றார்.

திறப்பு விழா அன்று விடியலிலிருந்து பொடித் தூறல். குளத்தைப் பார்த்தாற்போல் மரத்தாலான ஒரு மேடை கட்டி, அதில் விருந்தினர்களை உட்கார வைத்திருந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் விலை உயர்ந்த கசங்கின துணி உடுத்தியிருந்தார்கள். தாம்பாளம் பெரிதுக்கு ஒரு தட்டு, அதன் நடுவில் வெள்ளரித் துண்டு ஒன்று, அதன்மேல் பச்சையாக ஒரு சொட்டு. ஹாரனுக்கும் ஒரு தட்டு வந்தது. சொட்டை மட்டும் நக்கிப் பார்த்துவிட்டு, சாப்பாடு எப்போது வரும் என்று பரிமாறியவனிடம் மெதுவாகக் கேட்டான். இதுதான் அது என்றான் அவன்.

தலைவர் பேச எழுந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் நின்றார். அவர் நிற்க வேண்டிய பலகையை மட்டும் முன்கூட்டியே துடைத்து வைத்திருந்தார்கள். நாம் இயற்கையிடமிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டோம், இனி இங்கே நாம் வெறும் சாட்சிகள், எதையும் தொடமாட்டோம், எதிலும் தலையிடமாட்டோம் என்றார். அவர் சொல்லி முடிக்கவும் நாணல் அசைந்து மகாராணி கரைக்கு வரவும் சரியாக இருந்தது. மேடையில் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள்.

எருமை படுத்தது. எழுந்தது. திரும்பிப் பின்பக்கத்தைப் பார்த்தது. மறுபடி படுத்தது.

"என்ன செய்யுது அது?" என்று தலைவர் கிசுகிசுத்தார்.

"ஓய்வு எடுக்குது சார்" என்று சொல்லிக்கொண்டே ஹாரன் பைனாகுலரைக் கண்ணில் வைத்தான். பனிக்குடம் உடைந்திருந்தது. வாலுக்குக் கீழே ஒரு குளம்பு தெரிந்தது. இன்னொன்றைத் தேடினான். கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் தேடினான். ஒன்றுதான் இருந்தது.

பைனாகுலரை நகர்த்தியபோது வேலி தெரிந்தது. அவள் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு வாளியும் கயிறுமாக நின்றாள். மைத்துனன் கம்பி வெட்டும் குறடை வைத்துக்கொண்டு தன் வேலியோடு தானே போராடிக்கொண்டிருந்தான். "எங்க நறுக்குறதுன்னே தெரியலைக்கா, அவ்வளவு நல்லாப் போட்டிருக்கேன்" என்று அவன் சொன்னது, அமைதியே விருந்தோம்பலாக இருந்த அந்த இடத்தில், குளத்தைத் தாண்டி மேடைவரை கேட்டது.

கம்பி அறுந்தது. அவள் உள்ளே ஓடினாள். எருமையின் பின்னால் மண்டி போட்டு உட்கார்ந்து ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தி மேடையைப் பார்த்தாள்.

"ஏங்க. அங்க நின்னு என்ன வேடிக்கை? வந்து கயித்தைப் பிடிங்க."

மேடையில் எல்லாத் தலைகளும் திரும்பின. மேனேஜர் ஹாரனின் முழங்கையைப் பிடித்தார். "யாரைக் கூப்பிடுறாங்க?"

ஹாரன் சுற்றிலும் பார்த்தான். தலைவர் இன்னும் வெறுங்காலில் நின்றார். அவன் நெஞ்சில் பெயர்ப்பட்டை பளபளத்தது. இன்று கழற்றினால் இது திரும்ப வராது. அங்கே அவள் சட்டைக் கையைச் சுருட்டிச் சோப்புப் போட ஆரம்பித்துவிட்டாள்.

"என்னைத்தான் சார்" என்றான். "என் சம்சாரம். எருமையும் எங்களுதுதான்."

"அது தெரியும்யா" என்றார் மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு. "மெதுவாச் சொல்லு."

பைனாகுலரை அவர் கழுத்தில் மாட்டிவிட்டு ஹாரன் ஏணியில் இறங்கினான். இறங்கினான் என்பதைவிடக் கடைசிப் படிகளில் விழுந்தான் என்பது சரி. சேற்றில் எழுந்து ஓடினான்.

"தலையைப் புடிச்சுக்கவா?"

"தலையைத் தம்பி பாத்துப்பான். நீங்க இங்க வாங்க. இழுக்கச் சொன்னா மட்டும் இழுங்க. உங்க அவசரத்தைக் காட்டாதீங்க."

எருமை முக்கும்போது அவள் கையை அசைக்காமல் வைத்திருந்தாள். முக்கல் நின்றதும் கன்றை மெல்ல உள்ளே தள்ளினாள். முழங்கை மறைந்தது. உதட்டைக் கடித்து, கண்ணை மூடி, உள்ளே தேடினாள். "முட்டி இருக்கு... இரு மகாராணி, இருடி தங்கம்... குளம்பு வரமாட்டேங்குது." தூறல் அவள் முதுகில் விழுந்துகொண்டிருந்தது. ஹாரன் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, இத்தனை நாளும் சொன்ன பொய்க்கெல்லாம் சேர்த்து மனதுக்குள் மன்னிப்புக் கேட்டான். எருமையிடம்தான் கேட்டான்.

"வந்துடுச்சு" என்றாள். குளம்பை உள்ளங்கையில் பொத்தி, கிழித்துவிடாமல் நிமிர்த்தி வெளியே கொண்டுவந்தாள். இரண்டு கால்களிலும் சுருக்குப் போட்டாள். "இப்ப. கீழ்ப்பக்கமா. அது முக்கும்போது மட்டும்."

சேற்றில் உட்கார்ந்து, காலை ஊன்றி, அவன் இழுத்தான். நிறுத்தினான். இழுத்தான். திடீரென்று பிடி விட்டதுபோல் கன்று வழுக்கிக்கொண்டு வந்து அவன் மடியிலேயே விழுந்தது. அசையவில்லை. அவள் அதன் வாய்க்குள் விரலை விட்டு வழித்தாள். மூக்கை உறிஞ்சித் துப்பினாள். ஒரு நாணல் துண்டால் மூக்குத் துளையைக் குடைந்தாள். முந்தானையால் விலாவைத் தேய் தேய் என்று தேய்த்தாள். மைத்துனன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

கன்று தும்மியது. ஹாரனின் முகத்தில் தும்மியது.

மேடையில் கைதட்டல் எழுந்தது. பாறையும் ஒருமுறை இருமியது. தலைவர் வெறுங்காலோடு சேற்றில் இறங்கி, பின்னால் கேமராக்காரர்கள் வழுக்கி வழுக்கி வர, அவர்களிடம் வந்து சேர்ந்தார். ஹாரன் எழுந்து நின்றான். முதல் காரியமாகப் பெயர்ப்பட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். எப்படியும் கேட்பார்கள்.

தலைவரின் கண் கலங்கியிருந்தது. அவர் அவளிடம்தான் பேசினார். "இவ்வளவு பயங்கரமான மிருகம், உங்களை எப்படிம்மா கிட்ட விட்டுச்சு?"

ஒருத்தர் வாயைத் திறந்து கேட்டுவிட்டார். அவள் கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "என் எருமைங்க. நான் வளத்தது."

மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். நிபுணர் கூட்டத்தில் பின்வாங்கினார்.

தலைவர் கேமரா பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா? 'என் எருமை'ங்கிறாங்க. காட்டு மிருகத்தை. இந்த உறவைத்தான் நாம தொலைச்சுட்டோம்."

"இல்லைங்க, நெஜமாவே என்னுது. இன்சூரன்ஸ் கூட இருக்கு" என்றாள்.

"என்ன ஒரு பாதுகாப்பு உணர்வு" என்றார் தலைவர்.

அவள் இன்னொரு முறை வாயைத் திறந்தாள். பிறகு அவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, கன்றை மடியில் சேர்க்கப் போய்விட்டாள். சீம்பால் முக்கியம்.

அந்த இடத்திலேயே தலைவர் ஒரு புதுப் பதவியை அறிவித்தார். வனவிலங்கு நலப் பிரிவின் தலைமைப் பொறுப்பாளர். உடுப்பு போடமாட்டேன், எருமை ராத்திரி என் கொட்டகையில்தான் படுக்கும் என்று அவள் நிபந்தனை போட்டாள். மேனேஜர் எல்லாவற்றுக்கும் உடனே தலையாட்டினார். அறுத்த வேலியைத் தைக்க வேண்டாம் என்று மைத்துனனிடம் சொல்லிவிட்டார்கள். அந்த ஓட்டைக்கு மேலே 'விலங்குகளின் இயற்கை வழித்தடம்' என்று போர்டு வந்தது. காலையில் அழிந்துபோன இனம் கன்றோடு அந்த வழியாகக் காட்டுக்குப் போகிறது. விளக்கு வைக்கும் நேரத்துக்குத் தவிடு தின்ன வீட்டுக்கு வருகிறது.

ஹாரனின் வேலை போகவில்லை. புதுப் பிரிவுக்கு ஊழியர் வேண்டும் என்று அவனை அங்கே மாற்றினார்கள். அந்தப் பிரிவில் ஊழியர் அவன் ஒருவன்தான்.

வேலை நேரத்தில் அவன் அவளை மேடம் என்று கூப்பிடுகிறான்.